தொப்பியை நம்பலாம், அந்தப்புரத்தை நம்ப வேண்டாம்

லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வாட்டர் கலர் படங்கள் அடங்கிய ஒரு தொகுப்பு இருக்கிறது. எல்லாமே 1809ஐ ஒட்டி இஸ்தான்புல்லில் வரையப்பட்டவை. ஒட்டோமான் சுல்தானின் அரண்மனை, மசூதிகள், வீதிகள், அதிகாரிகள், சிப்பாய்கள் என்று ஊரையே சுருட்டிக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

இந்தத் தொகுப்பு யார் பெயரில் அறியப்படுகிறது தெரியுமா? ஸ்ட்ராட்ஃபோர்ட் கேனிங். சரி, அவர் பெரிய ஓவியராக இருப்பார் என்று நினைத்தால்... இல்லை! அவர் காசு கொடுத்தவர். படங்களை ஆர்டர் செய்து வரைந்து வாங்கிய ஆங்கிலேயத் தூதரக அதிகாரி. அப்போது அவருக்கு 22, 23 வயதுதான் (நம்மில் பலர் அரியர்ஸ் எழுதிக் கொண்டிருக்கும் வயது). வரைந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க ஓவியர் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர் வரலாறு.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை சட்டென்று புரியும். பில்லில் வாங்கியவர் பெயர் பத்திரமாக இருக்கிறது, சரக்கைச் செய்தவர் பெயர் காணாமல் போய்விட்டது.

இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கட்சி. முதல் கட்சி, ஆஹா, கேமரா இல்லாத காலத்து போட்டோ என்று மெய்சிலிர்த்து அப்படியே நம்பிவிடும். இரண்டாம் கட்சி 1978ல் எட்வர்ட் செய்த் எழுதிய 'ஓரியண்டலிசம்' புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு, எல்லாமே வெள்ளைக்காரன் கண்ணுக்காகச் செய்த பொய் என்று மொத்தமாக ஒதுக்கிவிடும். இரண்டு பேருமே படத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. இவை விலைக்கு வரைந்த படங்கள். எந்தச் சரக்காக இருந்தாலும் அதில் எது தரமாக இருக்கும், எது ஒப்பேற்றப்பட்டிருக்கும் என்பதை யார் செய்தார்கள், யார் வாங்கினார்கள், செய்தவருக்கு எது கண்முன் இருந்தது என்று கேட்டுத்தான் தெரிந்து கொள்ள முடியும்.

முதலில் இந்தப் படங்கள் எதைக் காட்ட ஆசைப்பட்டன என்று பார்ப்போம். வெளிநாட்டுத் தூதர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு: தாங்களே சுல்தானைப் பார்க்கப் போன நாள்! (யாருக்குத்தான் தன் போட்டோ பிடிக்காது?) அந்த நாளை ஒட்டோமான்கள் ஏற்பாடு செய்த விதம் இருக்கிறதே, இன்றைய மார்க்கெட்டிங் ஆசாமிகள் பாடம் படிக்க வேண்டும்.

ஜானிசரிகள் என்பது சுல்தானின் நிரந்தரக் காலாட்படை. அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம். புதிதாக வந்த தூதரைச் சுல்தான் சந்திக்கும் நாளை, வேண்டுமென்றே அந்தச் சம்பள நாளில் வைப்பார்கள். தூதர் விடியற்காலையிலேயே கிளம்பி டோப்காப்பி அரண்மனைக்கு வர வேண்டும். இரண்டாம் முற்றத்துக்குள் நுழைந்தால் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சத்தமே இல்லாமல் நிற்பார்கள். தரையில் வரிசையாகச் சோற்றுக் கிண்ணங்கள், உள்ளே பிலாவ் சோறு. சைகை கிடைத்ததும் அத்தனை பேரும் பாய்ந்து ஓடிக் கிண்ணங்களை எடுப்பார்கள். பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் விளையாட்டு இல்லை. அவர்கள் ஓடி எடுத்தால் சுல்தான் மேல் மனக்குறை இல்லை என்று அர்த்தம். எடுக்காமல் நின்றுவிட்டால் அரண்மனைக்குள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். படையின் சமையல் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டால் அது கலகத்துக்கான அறிவிப்பு. அந்தப் படையில் ஒரு பிரிவின் தலைவனுக்குப் பட்டமே 'சோர்பஜி', அதாவது சூப்புக்காரர்! சோறு போடுகிறவனுக்கு விசுவாசம் என்பதை இவ்வளவு நேரடியாகப் பட்டத்திலேயே வைத்த படை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

அப்புறம் திவான் மண்டபம். அங்கே தோல் பைகளில் நாணயங்களைக் குவித்து வைத்து, பிரிவு பிரிவாகக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுப்பார்கள். இது மணிக்கணக்கில் நடக்கும். தூதர் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒரு கம்பி வலை போட்ட ஜன்னல். அதற்குப் பின்னால் சுல்தான் இருந்து பார்க்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது. ஒரு பேரரசு தன் ரொக்க இருப்பையும் ஆள் பலத்தையும் ஒரே காலையில் காட்டிவிடுகிறது. ஆடிட் செய்யப்பட்ட கணக்கறிக்கையை நீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் :-)

அது முடிந்ததும் பெரிய வசீருடன் சாப்பாடு. பிறகு தூதருக்கு மரியாதை அங்கி ஒன்றைப் போர்த்துவார்கள். கடைசியில் வாயில் காவல் அதிகாரிகள் இருவர் இரண்டு பக்கமும் அவர் கைகளைப் பிடித்துக் கொண்டு சுல்தான் முன்னால் கொண்டு போய் நிறுத்துவார்கள். சுல்தான் அதிகம் பேச மாட்டார். சில நிமிடத்தில் முடிந்துவிடும். இத்தனை ஏற்பாடும் அந்தச் சில நிமிடத்துக்குத்தான்.

இந்தக் காட்சியை வரைந்தவர்களில் பெயர் பெற்றவர் ழான் பாப்தீஸ்த் வான்மூர். 1699ல் பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோலுடன் இஸ்தான்புல் வந்து 1737ல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். அவர் வரைந்தது எண்ணெய் வண்ணத்தில், ஆனாலும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். டச்சுத் தூதர் கார்னேலிஸ் கல்கோன் 1727ல் மூன்றாம் அகமதுவைச் சந்தித்த நாளை வரைந்த படத்தில், தூதர் ஊர்வலமாகப் போகிறார், முன்னால் ஜானிசரிகள் கிண்ணங்களை நோக்கி ஓடிக் கொண்டிருக்கிறார்கள். படத்தை வாங்கியவருக்குத் தான் போகிற ஊர்வலம்தான் முக்கியம். ஆனால் இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஓடுகிற சிப்பாய்கள்தான் முக்கியம். வாங்கியவர் அக்கறைப்படாத மூலையில்தான் நல்ல தகவல் ஒளிந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது இந்தப் படம். இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், பாருங்கள்.

இனி வாட்டர் கலருக்கு வருவோம். எண்ணெய் ஓவியம் காய நாளாகும், கனம், விலையும் அதிகம். காகிதத்தில் தண்ணீர் வண்ணம் என்றால் சீக்கிரம் காயும், ஆல்பமாகக் கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டு போய்விடலாம். ஊர் திரும்புகிற தூதர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இதைவிடத் தோதான நினைவுப் பொருள் உண்டா? அதனால்தான் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இஸ்தான்புல்லில் இதற்கென்று ஒரு சந்தை உருவாகிவிட்டது. அரண்மனை ஓவியக் கூடத்துக்கு வெளியே, ஊருக்குள் இருந்து கொண்டு ஆர்டருக்கு வரைந்து கொடுத்தவர்களைத் துருக்கிய ஆய்வாளர் மெதின் அண்ட் 'சந்தை ஓவியர்கள்' என்று அழைத்தார். பொருத்தமான பெயர்.

அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியல் சுவாரசியமானது. பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய வணிகர், இளைஞராக இஸ்தான்புல்லில் இருந்தபோது 1618ல் அப்படி ஓர் ஆல்பம் சேர்த்தார். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. (இதே மண்டி பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சூரத், ஆக்ரா என்று சுற்றியவர்.) சுவீடன் தூதர் கிளேஸ் ரோலம்ப் 1657-58ல் வந்தபோது வாங்கிய ஆல்பத்தில் 121 படங்கள். அது ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு ஓர் ஆள்: ஒரு நீதிபதி, ஒரு காவல்காரர், ஒரு தெரு வியாபாரி, ஒரு பெண்... படங்களோடு சுவீடிஷ், பிரெஞ்சு, இத்தாலியன், லத்தீன் என்று பல மொழிகளில் குறிப்புகள். கிட்டத்தட்ட ஒரு கம்பெனி கேட்டலாக்!

கேட்டலாக் என்பதால் ஒரே உருவம், ஒரே நிலை, ஒரே மடிப்பு ஆல்பத்துக்கு ஆல்பம் திரும்ப வரும். பழைய அச்சை வைத்துக் கொண்டு பிரதி எடுத்தார்கள். கலை விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. குறைதான், மறுக்க வேண்டாம். முகங்களில் உயிர் குறைவு, பின்னணி அநேகமாக வெறும் காகிதம். ஆனால் தொப்பியைப் பாருங்கள். தொப்பியில் மட்டும் அலட்சியம் இருக்காது.

ஏன் என்றால் ஒட்டோமான் சமூகத்தில் தலையில் என்ன இருக்கிறது என்பதுதான் ஆள் யார் என்பது. பெரிய வசீர் விழா நாளில் வைப்பது 'கல்லாவி', உயரமான கூம்பு வடிவத் தலைப்பாகை, அதன் குறுக்கே தங்கப் பட்டை. ஜானிசரிக்கு வெள்ளைக் கம்பளித் தொப்பி, மேலிருந்து மடிந்து முதுகுப் பக்கம் தொங்கும். ஹாஜி பெக்தாஷ் என்ற சூஃபி மகான் தன் கையை ஒரு வீரன் தலையில் வைத்து ஆசீர்வதித்தபோது தொங்கிய அங்கியின் கைப்பகுதிதான் அது என்று கதை சொல்வார்கள். நெற்றிப் பக்கம் ஓர் உறை இருக்கும், அதில் கரண்டி செருகிக் கொள்ளலாம் (மறுபடியும் சோறு!). போஸ்தாஞ்சி என்றால் சொல்லுக்குத் தோட்டக்காரர். சிவப்பு நிற நீளத் தொப்பி. ஆனால் அவர்கள்தான் அரண்மனைக் காவல், சுல்தானின் படகுக்குத் துடுப்பு, தேவைப்பட்டால் தலையை வாங்குவதும் அவர்கள் வேலையே. சுல்தானோடு நடக்கும் வில்லாளிகளுக்கு 'சோலக்' என்று பெயர், இடதுகைக்காரர் என்று அர்த்தம். அவர்கள் தலையில் விசிறி மாதிரி இறகு. காலணிக்கும் கணக்கு உண்டு. மஞ்சள் காலணி முஸ்லிம்களுக்கு என்று வைத்திருந்தார்கள். இந்த விதிகளை மீறுவதாகப் புகார் வந்து மறுபடி மறுபடி சுல்தான்கள் ஆணை போட்டார்கள். மீறல் நிறைய இருந்திருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

இந்த வித்தியாசங்களைத் தினமும் தெருவில் பார்த்து வளர்ந்தவர் அந்தச் சந்தை ஓவியர். அவர் கிரேக்கராகவோ ஆர்மீனியராகவோ துருக்கியராகவோ இருக்கலாம், ஆனால் உள்ளூர்க்காரர். எந்தத் தொப்பிக்கு ஒதுங்கி நிற்க வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது அவருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அதில் அவர் தப்பு செய்ய மாட்டார். வாங்குகிற வெள்ளைக்காரருக்கும் அதுதான் தேவை, நாளைக்கு அரண்மனையில் யாருக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று அவருக்கும் தெரிய வேண்டுமே. வாங்குகிறவர், விற்கிறவர் இருவருக்குமே சரியாக இருக்க வேண்டிய இடம் இது. அதனால் தொப்பியை நம்பலாம். செய்த்தின் புத்தகத்தை வைத்துக் கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறவர்கள் கவனிக்காத இடமும் இதுதான். வெள்ளைக்காரன் கண்ணுக்கு வரைந்த படம் என்பது உண்மை. ஆனால் வரைந்த கை உள்ளூர்க் கை.

அந்தப்புரம் என்று வந்தால் கதையே வேறு. அதற்குள் எந்த ஆண் ஓவியரும் போக முடியாது. வாங்குகிறவர்களோ அதைத்தான் அதிகம் கேட்பார்கள். டிமாண்ட் உச்சத்தில், சப்ளை சுத்தமாக இல்லை. அந்த நிலைமையில் என்ன வரும்? போலிச் சரக்குதான். 1717ல் ஆங்கிலத் தூதரின் மனைவி லேடி மேரி வொர்ட்லி மாண்டேகு, வழியில் சோஃபியா நகரத்தில் பெண்கள் குளியல் கூடத்துக்குள் போய்ப் பார்த்து எழுதினார். தனக்கு முன்னால் எழுதிய ஆண் பயணிகள் பார்க்காததைப் பார்த்ததாக அளந்துவிட்டார்கள் என்று அவருக்குக் கடுப்பு. ஆனால் கொடுமை பாருங்கள், அவர் கடிதங்களையே குறிப்பெடுத்து வைத்துக் கொண்டு, துருக்கிப் பக்கமே போகாத பிரெஞ்சு ஓவியர் ஆங்ர் 1862ல் 'துருக்கியக் குளியல்' என்ற படத்தை முடித்தார். உலகம் முழுக்கப் புகழ் பெற்றது எது? அந்தப் படம்தான்.

விதிவிலக்கு ஒருவர் உண்டு, அன்துவான் இக்னாஸ் மெல்லிங். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்தவர். 1780களின் நடுவில் இஸ்தான்புல் வந்தார். சுல்தான் மூன்றாம் செலீமின் சகோதரி ஹதீஜே சுல்தானுக்குக் கட்டடக் கலைஞராகப் போஸ்பரஸ் கரையில் மாளிகை, தோட்டம் என்று வேலை செய்தார். இளவரசியும் அவரும் எழுதிக் கொண்ட சீட்டுகள் கிடைத்திருக்கின்றன, துருக்கிய மொழியை லத்தீன் எழுத்தில் எழுதியவை! (நம்ம ஊரில் தமிழை ஆங்கில எழுத்தில் எஸ்எம்எஸ் அடித்த கூட்டத்துக்கு இருநூறு வருடம் மூத்தவர்கள்.) காதல் கீதல் எல்லாம் கிடையாது, அதிகமும் வீட்டு வேலை, சாமான், சின்னச் சின்ன உத்தரவுகள். 1800 வாக்கில் அந்தத் தொடர்பு முறிந்தது. மெல்லிங் பாரிஸ் போய், தான் வரைந்தவற்றை 48 பெரிய செதுக்குப் படங்களாக 1819ல் வெளியிட்டார். அதில் அந்தப்புரப் படமும் ஒன்று உண்டு. மாடி மாடியாகக் கட்டடம், பெண்கள் தொழுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேசிக் கொண்டு நிற்கிறார்கள். கிளுகிளுப்பே இல்லை. ஏறக்குறைய ஒரு லேடீஸ் ஹாஸ்டல். வீட்டுக்குள் வேலை பார்த்த ஆளுக்கும் வெளியிலிருந்து கற்பனை செய்த ஆளுக்கும் உள்ள வித்தியாசம் அது.

அப்படியானால் அரண்மனைக்குள்ளேயே இருந்த ஒட்டோமான் ஓவியர்கள் வரைந்ததை மட்டும் நம்பினால் போதுமே என்று கேட்கலாம். அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை.

அப்துல்ஜெலில் லெவ்னி அந்தக் காலத்தின் தலைசிறந்த அரண்மனை ஓவியர், 1732ல் இறந்தார். 1720ல் மூன்றாம் அகமது தன் நான்கு மகன்களுக்கு 15 நாள் சுன்னத் விழா நடத்தினார். அதை வெஹ்பி என்ற கவிஞர் எழுத, லெவ்னி தன் உதவியாளர்களோடு 137 படங்கள் வரைந்தார். டோப்காப்பி அரண்மனை நூலகத்தில் இருக்கிறது அந்தப் புத்தகம். இதுவும் தண்ணீரில் கரைத்த வண்ணம்தான். ஆனால் ஐரோப்பிய வாட்டர் கலர் மாதிரி காகித வெண்மை தெரியும்படி மெல்லிசாகப் பூசுவதில்லை. முட்டை வெள்ளையும் கஞ்சியும் தடவி வழவழப்பாக்கிய காகிதத்தில், கோந்து கலந்த வண்ணத்தை அழுத்தமாகப் பூசி, தங்கத்தையும் சேர்ப்பார்கள். ரொட்டி சுடுகிறவர்கள், கசாப்புக்காரர்கள் என்று ஊரில் உள்ள தொழில் சங்கங்கள் எல்லாம் ஊர்வலமாக வருகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள், கழைக்கூத்தாடிகள் வித்தை காட்டுகிறார்கள், இரவில் தண்ணீர் மேல் வாணவேடிக்கை. சுல்தான் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத படங்கள், கைத்திறமையில் சந்தை ஓவியர்கள் யாரும் பக்கத்தில் வர முடியாது.

ஆனால் அந்தப் படங்களில் கடுகடுத்த முகம் ஒன்றுகூட இல்லை. விழா முடிந்து பத்தே வருடம், 1730ல், பட்ரோனா ஹலீல் என்ற ஜானிசரி தலைமையில் கலகம். அவர் பழைய துணி விற்றுக் கொண்டிருந்தவர். பாரசீகத்திடம் தோல்வி, வரிச் சுமை, அரண்மனையின் ஆடம்பரம் என்று எல்லாம் சேர்ந்து வெடித்தது. அந்த வீதிகளில் இருந்த சிப்பாய்களும் சிறுவியாபாரிகளும் சேர்ந்து அகமதுவை அரியணையிலிருந்து இறக்கினார்கள். லெவ்னியின் படங்களில் அதற்கான ஒரு சிறு அறிகுறியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எப்படி இருக்கும்? அங்கே வாடிக்கையாளர் சுல்தான்! கேனிங்குக்கு வரைந்தவர் கேனிங்குக்குப் பிடித்ததை வரைந்தார் என்றால், லெவ்னி சுல்தானுக்குப் பிடித்ததை வரைந்தார். ஒட்டோமான் வரைந்தால் உண்மை, ஐரோப்பியருக்கு வரைந்தால் பொய் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

இப்போது மறுபடி கேனிங்கின் தொகுப்பு. 1809ல் அந்தப் பெயரில்லாத கிரேக்கர் வரைந்து கொண்டிருந்தபோது ஜானிசரிகள் ஊரையே ஆட்டி வைத்துக் கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு சுல்தான்கள் இறக்கப்பட்டு, 1808ல் இரண்டாம் மஹ்மூத் பட்டத்துக்கு வந்திருந்தார். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். 1826 ஜூன் மாதம், கலகம் செய்த ஜானிசரிகளின் பாசறையைப் பீரங்கியால் தகர்த்து எரித்து, நாலரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த படையையே கலைத்தார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்போது இஸ்தான்புல்லில் ஆங்கிலத் தூதர் யார் தெரியுமா? அதே கேனிங்! தான் படமாக வாங்கி வைத்த உலகம் எரிவதை அதே ஊரில் இருந்து பார்த்தார்.

மஹ்மூத் அதோடு நிற்கவில்லை. ஒட்டோமான் கல்லறைகளில் இறந்தவரின் தொப்பியையே கல்லில் செதுக்கி வைப்பது வழக்கம். ஜானிசரி தொப்பி செதுக்கிய கல்லறைக் கற்களைத் தேடித் தேடி உடைத்தார்கள். 1829ல் புது ஆடைச் சட்டம் வந்தது. அரசு அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஃபெஸ் தொப்பி, தலைப்பாகை மத அறிஞர்களுக்கு மட்டும். நூற்றுக்கணக்கான தொப்பிகளின் மொழி ஒரே சட்டத்தில் ஊமையாகிவிட்டது. (1925ல் துருக்கிக் குடியரசு அந்த ஃபெஸ்ஸையும் தடை செய்தது தனிக் கதை.) 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டோமான்களே பழைய உடுப்புகளைப் பொம்மைகளுக்குப் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியே 1852ல் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். 1863ல் ஆரிஃப் பாஷா என்பவர் பழைய உடைகளைப் படப் புத்தகமாகவே கொண்டு வந்தார். தன் தாத்தா என்ன உடுத்தினார் என்பதைத் தெரிந்து கொள்ளவே பொம்மையும் புத்தகமும் தேவைப்பட்ட நிலைமை. இந்த இடத்தில்தான் சந்தையில் விலைக்கு விற்ற அந்தக் காகிதங்களின் மதிப்பு தெரிகிறது. கல்லை உடைத்தவர்களால் ஸ்டாக்ஹோமுக்கும் லண்டனுக்கும் போய்விட்ட ஆல்பங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே வெளிநாட்டுக்காரன் வாங்கிப் போனதே நல்லது என்று யாராவது கிளம்பிவிட வேண்டாம். ஆல்பம் பிழைத்ததற்கு வாங்கியவருக்கு நன்றி சொல்லலாம், சரி. அதற்காக வரைந்தவர் இடத்தையும் அவரே எடுத்துக் கொள்ள வேண்டுமா?

இது அந்த ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அதே காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்களும் கம்பெனி அதிகாரிகளுக்காக ஒவ்வொரு சாதி, தொழிலுக்கும் ஒரு கணவன் மனைவி ஜோடியைக் கருவிகளோடு நிற்க வைத்து வரைந்து கொடுத்தார்கள். அந்தப் படங்களும் அதே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் ஓவியர் பெயர் இல்லாமல். இஸ்தான்புல்லிலும் தஞ்சாவூரிலும் வாங்கியவர்கள் ஒரே நாட்டுக்காரர்கள், கேட்டதும் ஒரே மாதிரிச் சரக்கு.

பெயர் எழுதி வைக்கிற பழக்கமே அந்தக் காலத்தில் இல்லை என்று சமாதானம் சொல்வார்கள். முழுக்க உண்மை இல்லை. லெவ்னி என்ற பெயர் அவர் படத்திலேயே இருக்கிறது. கேனிங்கின் ஆள் வரைந்த அதே தலைமுறையில் கபிதாலி கான்ஸ்டான்டின் என்ற கிரேக்கர், மூன்றாம் செலீமுக்காகச் சுல்தான்களின் உருவப் படங்களை வரைந்தார். அவை லண்டனுக்கு அனுப்பப்பட்டு ஜான் யங் என்பவர் செதுக்கி 1815ல் புத்தகமாக வந்தன. அந்தக் கிரேக்கர் பெயர் நமக்குத் தெரிகிறது. 1893ல் இரண்டாம் அப்துல்ஹமீது அமெரிக்காவுக்கு 51 போட்டோ ஆல்பங்கள் பரிசாக அனுப்பினார், அந்தப்புரமே இல்லாமல் பள்ளிக்கூடம், மருத்துவமனை, தீயணைப்புப் படை, கப்பல் என்று. அதில்கூட அப்துல்லா சகோதரர்கள் போன்ற ஸ்டூடியோக்களின் பெயர் இருக்கிறது. பெயர் போட வேண்டும் என்று வாங்குகிறவர் நினைத்தால் பெயர் தங்குகிறது.

கேனிங்கின் கிரேக்கரை இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்று கைவிடுவதும் அவசரம்தான். இதுவரை அவரைத் தேடியவர்கள் அதிகமும் படத்தின் பாணியை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். நூறு படத்துக்கு மேல் ஆர்டர் கொடுத்திருந்தால் பணம் கை மாறியிருக்கும். ஒரே தவணையில் கொடுத்திருக்க மாட்டார்கள், முன்பணம் இருந்திருக்கும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாராவது கமிஷனும் பார்த்திருப்பார். பணம் கை மாறினால் எங்காவது ஒரு பதிவு. கேனிங்கின் கடிதங்களும் காகிதங்களும் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கலை வரலாறு படித்தவர்களோடு, கணக்குப் புத்தகம் புரட்டத் தெரிந்த ஒரு பி.காம் ஆளையும் அங்கே அனுப்பிப் பார்க்கலாம்.